மானிட்டர் மேல் ரசமட்டம்

மார்ச் 3

மாட்சிமை தாங்கிய மருமகளுக்கு,

இதுவரை யாரும் நம்பியிராத, இனிமேலும் எவரும் நம்பப்போகாத ஒரு கதையை, வலது கையை நெஞ்சில் வைத்துச் சத்தியம் செய்தபடி இடது கையால் எழுதத் தொடங்குகிறேன். எழுத்து கோணலாக இருப்பது அதனால்தான். நம்பாதே என்று நானே முதலில் சொல்லிவிட்டேன். பிறகு நம்பி மோசம் போனேன் என்று என் மேல் வழக்குப் போடக் கூடாது, ஆமாம்.

உன் ஆணை கிடைத்தது. "இனிமே அப்பா போனுக்குள்ளயும் என் போனுக்குள்ளயும் நீங்க வரக் கூடாது. ஏதாவது சொல்லணும்னா காகிதத்துல, கையால எழுதி, தபால்ல அனுப்புங்க. காகிதத்துக்குள்ள உங்க மவுஸ் நுழையாது." படித்தவுடன் தபால்தலை வாங்கப் போனேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அம்மாள், "கடிதமா? நிஜக் கடிதமா?" என்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். ஊர் திரண்டது. பேண்டு வாத்தியம் வந்தது. இரண்டு பெரியவர்கள் கண்ணீர் விட்டார்கள். ஒருவருக்குக் கண்ணில் புரை, அது வேறு விஷயம்.

இப்போது குற்றத்துக்கு வருவோம். சென்ற வாரம் உன் அப்பாவின் போனிலிருந்து உனக்கு ஒரு செய்தி வந்தது. 'அத்தான் தூங்கிட்டார்மா, நாளைக்குப் பேசுவார்.' உலகத்தில் எந்த அப்பனும் தன்னைத்தானே அத்தான் என்று அழைத்துக்கொள்வதில்லை. உன் அப்பாவை அத்தான் என்று கூப்பிடும் உயிர் பூமியில் ஒன்றுதான் உண்டு. அது நான். ஒரே ஒரு சொல்லில் மூன்று வருடக் குட்டு உடைந்தது. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். நான் ஆனை அல்ல, அடிதான் ஆனையளவு சறுக்கிவிட்டது.

ஆனால் நீதிமன்றம் என் தரப்பையும் கேட்க வேண்டும். நீ ஆசையாக வாங்கி அனுப்பிய போன். உன் அப்பாவோ ஆயுசு முழுக்க அடுத்தவர் வீட்டுக்குத் தரை போட்டவர். கல் பதித்து, தேய்த்து, பளபளப்பாக்கி, சிமெண்டும் ஆசிட்டும் தின்றதுபோக விரல் நுனியில் ரேகை என்று எதுவும் மிச்சமில்லை. அந்தப் போன் அவர் விரலை விரலாகவே மதிக்கவில்லை. தொட்டார், சும்மா கிடந்தது. தேய்த்தார், தூங்கியது. ஒருநாள் கோபம் வந்து அழுத்தியதில் போன் மேசைப் பலகைக்குள் இறங்கி, மறுபக்கம் வெளிவந்து, அடியில் படுத்திருந்த பூனையின் முதுகில் மணி அடித்தது. பூனை அன்று போனதுதான். இன்னும் வீடு திரும்பவில்லை.

பார்த்தேன். போனிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஓர் ஒயர். கம்ப்யூட்டரில் ஒரு சாப்ட்வேர். போனின் முகம் அப்படியே மானிட்டரில் வந்து உட்கார்ந்துகொள்ளும். இங்கே மவுஸால் தட்டினால் அங்கே யாரோ விரலால் தொட்டதாகப் போன் நினைத்துக்கொள்ளும். பழைய தந்திரம்தானே, உனக்குத் தெரியாததா? உன் சின்ன வயதில், திரைக்குள் குடியிருந்த உன் சிநேகிதன் உள்ளானைப் பெற்றெடுத்ததும் இதே தந்திரம்தான்.

என் அக்கா, அதாவது உன் அம்மா, இருந்தவரை அத்தானுக்கு வாய் அவள்தான். அவள் போன பிறகு, அதுவரை வந்து போய்க்கொண்டிருந்த நான் இந்த வீட்டிலேயே குடியேறினேன். வாய் வேலையும் என் தலையில் விழுந்தது. சம்பளம் கிடையாது, விடுமுறை கிடையாது.

மன்னிப்பாயா? பதிலைக் காகிதத்திலேயே எழுது. போனைத் திறக்கவே பயமாக இருக்கிறது.

கையும் மவுஸுமாகப் பிடிபட்ட
உன் தாய்மாமன்

மார்ச் 14

மாமா,

கடிதம் கிடைத்தது. பேண்டு வாத்தியச் சத்தம் இங்கே கேட்கவில்லை.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பது உங்களுக்கு மறந்துவிட்டதா? கம்ப்யூட்டர் மக்கர் செய்கிறவர்கள் எங்களைக் கூப்பிடுவார்கள். நான் இங்கிருந்தே அவர்கள் திரைக்குள் போய்ச் சரிசெய்து கொடுப்பேன். ஒவ்வொரு முறையும் முதலில் அவர்கள் திரையில் ஒரு பெட்டி வரும். 'உள்ளே வரலாமா?' அவர்கள் 'சரி' என்று தொடும்வரை என் அம்புக்குறி இம்மி நகராது. முன்பின் தெரியாதவர்களிடம் நாள் முழுக்கக் கேட்டுக் கேட்டு உள்ளே போகிறேன். நீங்கள் என் அப்பாவுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டு என்னோடு பேசியிருக்கிறீர்கள். என்னை யாரும் கேட்கவில்லை.

நான் ஊரை விட்டுக் கிளம்பிய அன்று சொல்லிக்கொள்ளலாம் என்று அப்பா வேலை செய்த வீட்டுக்குப் போனேன். தரை தேய்த்துக்கொண்டிருந்தார். இயந்திரத்தை நிறுத்தவில்லை. "ஈரமா இருக்கு. ஓரமாப் போ" என்றார். அதுதான் வழியனுப்பு. ஓரமாகவே நடந்து வெளியே வந்தேன்.

பிறகு அந்தப் போனை வாங்கி அனுப்பினேன். திடீரென்று அப்பா பேச ஆரம்பித்தார். 'சாப்பிட்டியாம்மா?' 'குளிர்ல காதை மூடிக்கோ.' வாயில் இல்லாதது விரலில் இருந்திருக்கிறது, அம்மாவுக்கே இது தெரியாமல் போயிற்றே என்று நினைத்தேன். யாரிடமும் சொல்லாததையெல்லாம் எழுதினேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்.

என் கல்யாணம் நின்றுபோனபோது முதலில் அப்பாவுக்குத்தான் எழுதினேன். நீளமாக. பதில் ஒரே வரி. 'விழுந்தா என்ன. கீழ தறை இருக்கு.' தரைக்கு 'ற' போட்டிருந்தது. ஆயுசெல்லாம் தரை போட்ட மனிதருக்கு அதை எழுதத் தெரியவில்லையே என்று சிரித்தேன். அப்புறம் அழுதேன். மறுநாள் எழுந்து வேலைக்குப் போனேன். அந்த வரியின் மேல்தான் எழுந்து நின்றேன், மாமா.

இப்போது கேட்கிறேன். அந்த வரி யாருடையது? அந்த 'ற'வும் உங்கள் வேலைதானா, அப்பா எழுதியது மாதிரி தெரியட்டும் என்று?

மற்றதை எல்லாம் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அந்த ஒரு வரி மட்டும் வேண்டும். கதை வேண்டாம்.

மருமகள்

மார்ச் 22

கதை வேண்டாத மருமகளுக்கு,

என்னிடம் கதை சொல்லாதே என்பது மீனிடம் நனையாதே என்பது. ஆனாலும் முயல்கிறேன். இதோ, மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

மாலையில் அத்தான் கை கழுவிவிட்டு வந்து போனை மானிட்டர் பக்கத்தில் வைப்பார். அதுதான் எனக்கு அழைப்பாணை. நீ எழுதியதை நான் உரக்கப் படிப்பேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார். கிணற்றில் போட்ட கல் மாதிரி. படித்து முடித்ததும், "சாப்பிட்டாளான்னு கேளு" என்பார். நான் கேட்பேன். சில நாள், "குளிரா அங்க?" என்பார். நான் 'காதை மூடிக்கோ' என்று சேர்ப்பேன். சில நாள் வெறும் "ம்" என்பார். அந்த "ம்"மைத் தமிழில் மொழிபெயர்ப்பது லேசான வேலையா? ஒரு "ம்"முக்கு எட்டு அகராதி புரட்டியிருக்கிறேன். மொட்டை மாடிக்குப் போய்க் காற்றின் திசை பார்த்துப் பொருள் கண்டிருக்கிறேன். என் ஆயுளில் நான் அடக்கமாக எழுதிய காலம் என்றால் அந்த மூன்று வருடம்தான். வாயெல்லாம் கொப்புளம் போட்டுவிட்டது.

நீ கேட்ட வரி அவருடையது.

அன்று உன் நீளச் செய்தியைப் படித்தேன். பாதியில் என் குரல் சரியில்லை. தூசி. முடித்ததும் அவர் எழுந்து வந்து, "நீ போய் டீ போடு" என்றார். என் மீது இந்த வீட்டில் சுமத்தப்படாத ஒரே வேலை டீ போடுவது, ஏனென்றால் நான் போட்ட டீயைக் குடித்துவிட்டு ஒரு தபால்காரர் வேலையை விட்டு ஓடினார். ஆனாலும் போனேன். திரும்பி வந்தபோது வரி உனக்குப் போய்விட்டிருந்தது.

யோசித்துப் பார். அதை நான் எழுதியிருந்தால் எப்படி எழுதியிருப்பேன்? 'வீழ்ந்தாலும் கலங்காதே கண்மணி! ஈரேழு பதினாலு உலகங்களையும் தாங்கவல்ல பளிங்குத் தளம் உன் பாதத்தடியில் பரந்து கிடக்கிறது!' ஐந்தே சொற்களில் நான் நிறுத்துவேனா? அப்புறம் அந்த 'ற'. கிடங்கில் சரக்குக் கணக்கு எழுதிய காலம் முழுக்க ர, ற மாறாதவன் நான். தறைவது என்றால் ஆணியடித்து இறுக்குவது. அத்தான் தெரியாமல் எழுதினார். ஆணியடித்த மாதிரி நின்றுவிட்டது.

நம்பு என்று சொல்ல வாய் வருகிறது. முதல் கடிதத்தில் நம்பாதே என்று நானே எழுதிவிட்டேனே.

தன் வலையில் தானே மாட்டிய
தாய்மாமன்

ஏப்ரல் 2

மாமா,

நீங்கள் சொல்வது தர்க்கத்துக்குச் சரிதான். ஆனால் மூன்று வருடம் உங்கள் கை எவ்வளவு அடக்கமாக எழுதக்கூடியது என்று நானே பார்த்திருக்கிறேன். ஐந்து சொல்லில் நிறுத்தத் தெரியாதவர் என்று இப்போது சொன்னால் எப்படி?

சனிக்கிழமை அப்பாவைக் கூப்பிட்டேன். உங்கள் போனில்தான் எடுத்தார், பக்கத்து அறையில் நீங்கள் குறட்டை விடுவது கேட்டது. "அப்பா, அந்த வரி நீங்க எழுதினதா?" என்றேன். நாற்காலி நகர்ந்த சத்தம். அப்புறம், "மாமாகிட்ட கேளு." வைத்துவிட்டார்.

கேட்டுக்கொண்டுதானே இருக்கிறேன்.

உள்ளானைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதுவும் சேர்ந்துதான் கோபம். எனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்து, தாடை வீங்கி, வாயைத் திறக்க முடியாமல் தனி அறையில் கிடந்தேன். அம்மா மட்டும் உள்ளே வருவாள். அப்பாவுக்குச் சின்ன வயதில் அது வந்ததில்லை, ஆம்பளைங்க கிட்டவே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நீங்கள் கிடங்கிலிருந்து கொண்டுவந்த கையடக்கக் கம்ப்யூட்டரை அம்மா கையில் கொடுத்து அனுப்பினீர்கள். பிளாஸ்டிக் பேனாவால் அதில் கிறுக்கலாம். கதவுக்கு அடியில் ஓர் ஒயர் போயிற்று. அது கரண்ட் குடிக்கிற குழாய் என்றாள் அம்மா, நீங்கள் சொல்லிக் கொடுத்தபடி.

நான் 'இருக்கியா?' என்று எழுதினேன். பேனாவே தொடாமல் திரையில் எழுத்து ஊர்ந்து வந்தது. 'உள்ளேன் ஐயா.' அதனால்தான் உள்ளான் என்று பேர் வைத்தேன். பூனை வரைந்தது. பூனைக்கு மீசை வரைந்தது. என்னைச் சிரிக்க வைத்து, வீங்கிய கன்னத்தை வலிக்க வைத்தது. பள்ளியில் எல்லோரிடமும் சொன்னேன். நான் பத்தாம் வகுப்பு படிக்கும்போது ஒரு விருந்தில் நீங்களே மார்தட்டிக்கொண்டு உடைத்தீர்கள், அடுத்த அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மவுஸால் ஓட்டியது நீங்கள் என்று. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அந்தப் பேனாவைத் தூக்கிப் போட்டேன்.

ஒரு மதியம் மட்டும் உங்களுக்கு வரையச் சோம்பல் போலிருக்கிறது. வீடு வரை என்று எழுதினேன். ரொம்ப நேரம் ஒன்றும் வரவில்லை. அப்புறம் திரையின் அடியில் ஒரு கோடு. அழிந்தது. மறுபடி ஒரு கோடு. அழிந்தது. கோடு, அழிப்பு, கோடு. வீடு வரவே இல்லை. பார்த்துக்கொண்டே தூங்கிவிட்டேன். எழுந்தபோது அந்தக் கோட்டின் மேல் ஒரு சின்னப் பெட்டி நின்றது. கூரை இல்லை. அன்றுதான் நான் நிம்மதியாகத் தூங்கினேன் என்று அம்மா பிறகு சொன்னாள்.

எதற்கு இதை எழுதுகிறேன் தெரியவில்லை. இரண்டு முறை எனக்குள் ஒருவரை உயிரோடு வைத்து, இரண்டு முறையும் நீங்களே வெளியே எடுத்தீர்கள். இதற்கு மேல் எழுதுவதாக இல்லை.

மருமகள்

ஏப்ரல் 9

மருமகளே,

எழுதுவதாக இல்லை என்றாய். படிக்கமாட்டேன் என்று சொல்லவில்லை. அந்த ஓட்டை வழியாக நுழைகிறேன்.

உன் கடிதங்களையும் நான் உரக்கத்தான் படிக்கிறேன். கோட்டைப் பற்றிய இடம் வந்ததும் அத்தான் எழுந்து வாசலுக்குப் போனார். செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போனார்.

அந்த மதியம் மவுஸைப் பிடித்தது நான் இல்லை.

நீ 'வீடு வரை' என்று எழுதியது மானிட்டரில் வந்தது. நான் மேல்சட்டையின் கையை மடித்துக்கொண்டு, ஏழு அடுக்கு மாளிகை, எழுநூறு ஜன்னல், ஜன்னலுக்கு ஒரு இளவரசி என்று திட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு குரல். "தள்ளு." வேலையிலிருந்து மத்தியானமே வந்துவிட்டார். உன் வீக்கம் அன்று அவ்வளவு பெரிசு. ஒரு கன்னம் கட்டிலுக்கு வெளியே தொங்கி, மறு கன்னம் ஜன்னலை மறைத்து, வீடே இருட்டிப் பகலில் விளக்குப் போட்டோம்.

மவுஸை இரண்டு கையாலும் பிடித்தார், தரை தேய்க்கிற இயந்திரத்தைப் பிடிக்கிற மாதிரி.

"முக்கோணம் போடுங்க அத்தான். கூரையிலேருந்து ஆரம்பிச்சா ஈஸி."

"தரை போடாம கூரையா? எது மேல நிக்கும்?"

அடியில் ஒரு கோடு இழுத்தார். தள்ளி நின்று பார்த்தார். அழித்தார்.

"ஏன்?"

"சாயுது."

"இது படம் அத்தான். இதுல தண்ணியா ஓடப்போகுது?"

"அவ காலை வைக்கிற இடம்டா. சாயுதுன்னா சாயுது."

இங்கேதான் நீ நம்பப்போவதில்லை. வெளியே போனார். சாக்குப் பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்து வந்தார். நடுவில் கண்ணாடிக் குழலும் அதற்குள் ஒரு குமிழியும் இருக்குமே, குமிழி நடுவில் வந்து நின்றால்தான் தரை மட்டம் என்று அர்த்தம், அந்தக் கட்டை. அதை மானிட்டர் கண்ணாடி மேல், அவர் போட்ட கோட்டின் மேலேயே வைத்துப் பிடித்தார். அந்தக் காலத்து மானிட்டர், முன்பக்கம் தொப்பை போட்டது. கட்டை நிற்குமா? "கண்ணாடியே உப்பிக் கெடக்கு, இதுல எவன் மட்டம் பாப்பான்" என்று திட்டினார். மறுபடி வைத்தார். ஒரு கையில் கட்டை, ஒரு கையில் மவுஸ். மானிட்டர் பயந்து இரண்டு முறை தானே அணைந்து எரிந்தது. தெருவில் போன யானை எட்டிப் பார்த்துவிட்டு மரியாதையாக ஒதுங்கிப் போனது.

குமிழி நடுவில் வந்து நின்றபோது நீ தூங்கிவிட்டிருந்தாய். "தூங்கட்டும்" என்று சொல்லிவிட்டு, கோட்டின் மேல் ஒரு பெட்டியை வைத்துவிட்டு வேலைக்குத் திரும்பினார்.

விருந்தில் இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். அவர் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் மார்தட்டியதும் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கு இன்றுவரை மொழிபெயர்ப்பு கிடைக்கவில்லை.

மாமா

ஏப்ரல் 18

மாமா,

யானை உள்ளே வந்து மவுஸைப் பிடித்தது என்று எழுதியிருந்தால்கூட நம்பியிருப்பேன். தொப்பை மானிட்டர் மேல் ரசமட்டமா? உங்கள் பொய்களிலேயே மட்டம் பார்க்காமல் போட்டது இதுதான்.

ஆனால் ஒன்று. காய்ச்சல் விட்டதும் நான் முதல்முதலாக அறையை விட்டு ஓடி வந்தேன். கம்ப்யூட்டர் மேசையின் கால் ஒன்றில் இடித்துக்கொண்டு கட்டைவிரல் நகம் பெயர்ந்தது. காலுக்கு அடியில் ஒரு பச்சை டைல்ஸ் துண்டு துருத்திக்கொண்டிருந்தது. நான் படுக்கும் முன்னால் அது அங்கே கிடையாது, அந்த மேசைக்கு அடியில்தான் நான் பொம்மை வைத்து விளையாடுவேன். அதை யார் வைத்தது? எதற்கு?

ஏப்ரல் 25, ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்கு அப்பா போனை வழக்கம்போலக் கம்ப்யூட்டரோடு இணைத்து, படம் வரைகிற பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு, நீங்கள் வீட்டை விட்டு வெளியே போய்விட வேண்டும். தெருமுனைக்கு. அங்கிருந்து உங்கள் போனில் முகம் தெரிகிற மாதிரி என்னைக் கூப்பிடுங்கள். இரண்டு கைகளும் எனக்குத் தெரிய வேண்டும். கடைசிவரை.

நான் இங்கிருந்து அப்பாவிடம் அனுமதி கேட்பேன். உங்களிடம் இல்லை. அப்பாவிடம்.

மருமகள்

ஏப்ரல் 26, திங்கள்

இரக்கமற்ற மருமகளே,

ஒரு நிரபராதியை நடுத்தெருவில் கைதூக்கி நிற்க வைத்த கொடுமை சரித்திரத்தில் பொறிக்கப்படும்.

இரண்டு கையையும் காட்டு என்கிறாய், அப்புறம் போனை யார் பிடிப்பது? முனைக்கடைத் தையல்காரரிடம் கொடுத்தேன்.

"என்ன சார், போலீஸ் கேசா?"

"இல்லப்பா. மருமக."

"அய்யோ. அப்ப நல்லா உசத்திக் காட்டுங்க."

கூட்டம் கூடியது. ஒருவர் நான் யோகாசனம் சொல்லிக்கொடுப்பதாக நினைத்துத் தானும் கையைத் தூக்கினார். பார்த்துப் பார்த்து நாற்பது பேர் தூக்கினார்கள். பேருந்து நின்றது. ஓட்டுநரும் தூக்கினார். நீயோ என்னைப் பார்க்கவே இல்லை. வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாய். உதட்டைக் கடித்தாய். அப்புறம் சட்டென்று இணைப்பைத் துண்டித்துவிட்டாய்.

ஓட்டமாக வீட்டுக்கு வந்தேன். அத்தான் அடுப்பங்கரையில் டீ போட்டுக்கொண்டிருந்தார், எனக்கும் சேர்த்து. "என்ன ஆச்சு?" என்றேன். "ம்." "என்ன கேட்டா?" "ம்." "நீங்க என்ன சொன்னீங்க?" அதற்கு டீ டம்ளரை என் கையில் திணித்தார்.

தடயங்களை ஆராய்ந்தேன். போன் கண்ணாடியில் விரல் தடம் இல்லை, நடுவில் வட்டமாக எண்ணெய்ப் பிசுக்கு ஒன்று. உற்றுப் பார்த்தேன். மூக்கு. மவுஸ் இருக்கிறதே என்று தோன்றியிருக்காது, நீ போனில் கேட்டாய், போனிலேயே பதில் சொல்லியிருக்கிறார். விரலை மதிக்காத போனுக்கு மூக்கைக் கொடுத்திருக்கிறார்! வேலை கொடுத்த எந்த முதலாளிக்கும் தலை குனியாத மனிதர் உன் அனுமதிப் பெட்டிக்குக் குனிந்து கும்பிட்டிருக்கிறார்.

அப்புறம் மேசைக்கு அடியில் தவழ்ந்து போனேன். முட்டி இரண்டும் என்னோடு சண்டை. இருக்கிறது. பச்சைத் துண்டு. இன்னும் இருக்கிறது. சத்தியமாக நான் வைக்கவில்லை, இருப்பதே தெரியாது. அன்று நான் உன் அம்மாவிடம் பேசப் போன நேரத்தில் மேசைக்கே மட்டம் பார்த்திருக்கிறார் போல. இத்தனை வருடம் மட்டமான மேசையில் உட்கார்ந்துகொண்டுதான் இவ்வளவு கோணல் கதையும் எழுதியிருக்கிறேன்.

என்ன நடந்தது என்று எழுது. உள்ளே இருந்தே பழகியவன் நான். வெளியே நிற்கத் தெரியவில்லை. உன் காலில் விழுகிறேன், தரை இருக்கிறது.

மாமா

மே 4

அன்புள்ள மாமா,

கையைக் கொஞ்சம் முன்னதாகவே இறக்கச் சொல்லியிருக்கலாம். மறந்துவிட்டேன். மன்னியுங்கள்.

'உள்ளே வரலாமா?' என்ற பெட்டியை அனுப்பினேன். அசையவில்லை. ரொம்ப நேரம் அப்படியே நின்றது. வேலையில் இவ்வளவு நேரம் ஆனால் மறுத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். மூடப்போனேன். திடீரென்று 'சரி' என்று வந்தது. மூக்கு என்பது உங்கள் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரியும். அலுவலகத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

உள்ளே போய் ஒரு கூரை போட்டேன். வெறும் முக்கோணம், நடு வானத்தில். கீழே இரண்டு சுவர், காற்றில் தொங்குகிற மாதிரி. அவ்வளவுதான். கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தேன். என் திரையின் பக்கத்துச் சன்னலில் நீங்கள் கை தூக்கிக்கொண்டு நின்றீர்கள், ஒரு கை சோர்ந்து இறங்கி மறுபடி ஏறியது.

என்னுடையது இல்லாத ஓர் அசைவு வந்தது. எழுத்து எழுத்தாக, நடுங்கிக்கொண்டு.

'தறை எங்க'

அப்புறம் அடியில் ஒரு கோடு. அழிந்தது. மறுபடி. அழிந்தது. எனக்குத் திரை மங்கிவிட்டது. இணையம் மெதுவாக இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் தூங்காமல் பார்த்துக்கொண்டே இருந்தேன், இந்த முறை. கோடு நின்றதும் என் சுவர்களை இழுத்து அதன் மேல் இறக்கினேன்.

கொஞ்ச நேரம் கழித்து வீட்டுக்கு வெளியே, ஓரத்தில், இன்னும் இரண்டு சொல் வந்தது.

'காஞ்சிடுச்சி. வா.'

அன்று தரை ஈரமாக இருந்ததே, மாமா. ஓரமாகப் போகச் சொன்னாரே. அதற்குத்தான் இத்தனை வருடம் கழித்து.

விடுப்பு கேட்டிருக்கிறேன். அடுத்த மாதம் வருகிறேன். சாப்ட்வேரைக் கழற்ற வேண்டாம். ஆனால் உள்ளே வருமுன் கேளுங்கள்.

உங்கள் மருமகள்

மே 12

உள்ளே வரலாமா?

பதில் வருமுன்னே வந்துவிட்டேன், பழக்கதோஷம்.

உன் கடிதத்தை உரக்கப் படித்தேன். 'காஞ்சிடுச்சி' வந்ததும் அத்தான் எழுந்து ஜன்னலைச் சாத்தினார். காற்றே இல்லை. எனக்கும் தூசி.

நீ வரப்போவதை ஊருக்கு அறிவித்துவிட்டேன். விமான நிலையத்திலிருந்து வீடுவரை பளிங்குப் பாதை போட உன் அப்பா அளவெடுத்துக்கொண்டிருக்கிறார் என்று தையல்காரரிடம் சொன்னேன். அவர் நம்பிவிட்டார். பாவம்.

ஆகவே, முதல் கடிதத்தில் நெஞ்சில் வைத்த கையை எடுத்துவிட்டுச் சொல்கிறேன். பேண்டு வாத்தியம் பொய். மேசையைத் துளைத்த போன் பொய். பூனை இந்த நிமிடம் என் மடியில் படுத்திருக்கிறது. யானை பொய், கைதூக்கிய ஓட்டுநர் பொய், உன் கன்னம் ஜன்னலை மறைத்தது பாதிப் பொய். இடது கையால் எழுதியதும் பொய், எழுத்தே என்னுடையது அப்படி.

ரசமட்டம் மட்டும் நிஜம். ஞாயிற்றுக்கிழமை நான் தெருமுனையிலிருந்து ஓடி வந்தபோது மானிட்டர் தலைமேல் அது உட்கார்ந்திருந்தது, குமிழி நடுவில். இப்போதைய மானிட்டருக்குத் தொப்பை இல்லை, நன்றாகவே நிற்கிறது. எடுக்கப் போனேன்.

"இருக்கட்டும், அவ வந்து பாக்கட்டும்" என்றார்.

மாமா